ஜகாத் பணத்தில் ஒரு தொழில் நிலைக்க: புதிதாகத் தொடங்கும் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

தையல் மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டு திரும்பும் ஜகாத் (வசதியுள்ள முஸ்லிம்கள் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மம்) குழுக்கள் நிறைய உண்டு. ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் மெஷின் மேல் துணி மூட்டை குவிந்து கிடக்கும். சில வீடுகளில் மெஷினே இருக்காது, விற்றிருப்பார்கள். வாங்கியவருக்குப் பொறுப்பில்லை என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் பிழை நம் கணக்கில்தான் இருக்கும். தொழிலுக்குக் கொடுத்தோம், தொழில் கால் ஊன்றும்வரை அந்த வீடு எதைச் சாப்பிடும் என்று கேட்கவில்லை. பசித்த வீடு தொழிலின் முதலைத்தான் எடுத்துச் சாப்பிடும். வேறு என்ன செய்யும்?

இந்த வழிகாட்டி ஐந்தாறு பேர் சேர்ந்து தங்கள் ஜகாத்தையும் ஸதக்காவையும் (விருப்பக் கொடை) ஒன்றுதிரட்டிச் சிறுதொழில்களுக்கு உதவ நினைக்கும் குழுவுக்கானது. தனியாக ஒருவர் தன் ஜகாத்தை மட்டும் வைத்துச் செய்வதற்கும் இதே முறை பொருந்தும். மத்ஹபுகளுக்கிடையே (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகள்) கருத்து வேறுபாடு உள்ள இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம். அவற்றில் உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) கேட்டு ஒரு முடிவை எழுதி வைத்துக்கொண்டு, அதன்படி கடைசிவரை நடங்கள். பாதி வழியில் மாற்றினால் கணக்கும் குழம்பும், நம்பிக்கையும் போகும்.

முதலில் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரே கணக்கில் எல்லாப் பணத்தையும் போட்டுக் கலப்பதுதான் புதிய குழுக்கள் செய்யும் முதல் தவறு. மூன்று கணக்குகள் வேண்டும். வங்கியில் முடியாவிட்டால் மூன்று பேரேடுகளாவது வேண்டும்.

முதலாவது ஜகாத் கணக்கு. இதற்கு உரியவர்கள் யார் என்பதைக் குர்ஆனின் 9:60 வசனம் எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. சிறுதொழில் வேலையில் அவற்றில் மூன்று வகையினரைத்தான் பெரும்பாலும் சந்திப்பீர்கள்: ஃபக்கீர், மிஸ்கீன் (ஏழைகளும் வறியவர்களும்), கடனில் மூழ்கியவர். இந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது, லாபத்தில் பங்கு கேட்க முடியாது, குழுவின் கட்டடச் செலவுக்குத் திருப்ப முடியாது.

இரண்டாவது ஸதக்கா கணக்கு. இது விருப்பக் கொடை, அதனால் கை விரிவாக இருக்கும். முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டார், பயிற்சிக் கட்டணம், போக்குவரத்து, பழுதுச் செலவு, குழுவின் எழுதுபொருள் எல்லாம் இதிலிருந்து போகலாம். ஜகாத்தை முஸ்லிம் அல்லாதாருக்குக் கொடுப்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆகவே அவர்களில் தேவையுள்ளவரை வெறுங்கையோடு அனுப்பாமலிருக்க இந்தக் கணக்கில் எப்போதும் கொஞ்சம் இருப்பு வையுங்கள்.

மூன்றாவது கர்ழ் ஹஸன் கணக்கு, அதாவது வட்டியில்லாக் கடன். ஸதக்காவாக வந்த பணத்தாலோ, ஓராண்டு ஈராண்டுக்கென்று ஒருவர் அமானிதமாக (நம்பி ஒப்படைத்து) கொடுத்த பணத்தாலோ இது உருவாகும். ஜகாத் பணத்தைக் கடனாகக் கொடுக்கலாம் என்று சில தற்கால அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். பெரும்பான்மைக் கருத்து அதற்கு எதிரானது, ஏனென்றால் கடனில் பணம் உரியவருக்குச் சொந்தமாவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டையும் கலக்காமலிருப்பதே பாதுகாப்பு.

வங்கி வட்டியாக வந்ததை அப்புறப்படுத்த யாராவது கொண்டுவந்து தந்தால் அதை இந்த மூன்றிலும் சேர்க்காதீர்கள். அதற்குத் தனிச் சீட்டு. ஃபித்ராவும் (நோன்புப் பெருநாள் தர்மம்) இந்த வேலைக்கானதல்ல. பெருநாளன்று யாரும் பசியோடு இருக்கக்கூடாது என்பதற்காக ஏற்பட்டது அது, அன்றே உணவாகப் போய்ச் சேரட்டும்.

கொடுப்பவரின் கணக்கு, சுருக்கமாக

நிஸாப், அதாவது ஜகாத் கடமையாகத் தொடங்கும் செல்வ அளவு, தங்கத்தில் 85 கிராம், வெள்ளியில் 595 கிராம் என்று பலரும் கணக்கிடுகிறார்கள். ஹனஃபி மத்ஹப் வழக்கில் 87.48, 612.36 கிராம் என்ற அளவுகள் புழக்கத்தில் உள்ளன. அதற்கு மேற்பட்ட செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் 2.5 விழுக்காடு. ஆங்கில மாதக் கணக்கில் ஆண்டு முடிப்பவர் 2.577 என்று எடுக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய ஆண்டு பதினோரு நாள் நீளம்.

இங்கே குழுவைப் பாதிக்கும் ஒரு விஷயம் உண்டு. எல்லோரும் ரமளானில் கொடுப்பதால் பணம் முழுவதும் ஒரே மாதத்தில் வந்து குவிகிறது. அவசரமாகப் பங்கிடுகிறோம். பெருநாளுக்கு முன் கடை போட்டவர் அந்தப் பத்து நாள் நன்றாக விற்றுவிட்டு, பெருநாள் கழிந்ததும் ஆள் வராமல் உட்கார்ந்திருப்பார். அந்தப் பத்து நாள் விற்பனையை நம்பி அடுத்த சரக்கை இரு மடங்காக வாங்கியிருந்தால் அதோடு முடிந்தது. நிஸாப் உள்ளவர் ஆண்டு நிறையும் முன்பே ஜகாத்தை முன்கூட்டிக் கொடுப்பதைப் பெரும்பாலான மத்ஹபுகள் அனுமதிக்கின்றன. மாலிக்கி மத்ஹபில் சிறிது காலம் முன்னதாக மட்டுமே இதற்கு இடமுண்டு. ஆகவே உறுப்பினர்களிடம், அடுத்த ஆண்டின் ஜகாத்தை இப்போதிருந்தே மாதத் தவணையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கடமையான பிறகு இழுத்தடிப்பது தவறு. முந்திக் கொடுத்துப் பரவலாக்குவது அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது.

யாருக்கு: எல்லா ஏழையும் வியாபாரி அல்ல

இதை மனத்தில் பதித்துக்கொண்டுதான் வீடு ஏற வேண்டும். நோயாளிக்கும் முதியவருக்கும் கைக்குழந்தையோடு தனித்திருப்பவருக்கும் மாதாந்தர உதவிதான் நியாயம். சிலருக்குக் கடை வேண்டாம், ஒரு வேலைக்குப் போக ஓட்டுநர் உரிமமோ சான்றிதழோ போதும். "தொழில் வைத்துக் கொடுத்தால்தான் உதவி" என்று குழு நினைப்பது தெரிந்துவிட்டால் எல்லோரும் தொழில் வேண்டும் என்றே சொல்வார்கள். உண்மை வெளியே வராது.

தகுதியை இரண்டு கட்டமாகப் பாருங்கள். முதலில் ஜகாத்துக்கு உரியவரா? ஹனஃபி மத்ஹபில் அடிப்படைத் தேவைகள் போக நிஸாப் அளவு உடைமை இல்லாதவர். ஷாஃபிஈ மத்ஹபில் வருமானம் தேவைக்குப் போதாதவர். இரண்டிலுமே தொழிற்கருவி அவரைச் செல்வராக்கிவிடாது. "வீட்டில் மெஷின் இருக்கிறதே" என்று ஒருவரைத் தள்ளுவது தவறு. நபி (ஸல்) அவர்களின் ஹாஷிம் குடும்பத்தார், கொடுப்பவரின் பெற்றோர், பிள்ளைகள், மனைவி ஆகியோருக்கு அவருடைய ஜகாத் செல்லாது. தேவையுள்ள உடன்பிறந்தாருக்குச் செல்லும், அதில் உறவைப் பேணிய நன்மையும் சேரும்.

இரண்டாவது கட்டம், தொழில் இவருக்குப் பொருந்துமா? இதற்கு விண்ணப்பப் படிவம் உதவாது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். பெண் தலைமையேற்கும் வீடென்றால் குழுவில் பெண்கள் இருவர் போகட்டும். கேட்க வேண்டியவை எளிமையானவை. போன மாதம் எத்தனை நாள் காசு பார்த்தீர்கள்? எந்த வேலையில்? வீட்டில் யாருக்கு மருந்து ஓடுகிறது? யாரிடம் எவ்வளவு கடன், அதில் வட்டிக்கடன் எவ்வளவு? நீங்கள் கடையில் இருக்கும்போது பிள்ளையை யார் பார்ப்பார்? இதுவரை உங்களிடம் காசு கொடுத்து வாங்கியவர் மூன்று பேரைச் சொல்ல முடியுமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கிறவரிடம் பாதி வேலை முடிந்துவிட்டது. ஏற்கெனவே வீட்டுக்குள் சிறிய அளவில் எதையாவது செய்து விற்றுக்கொண்டிருப்பவரை வளர்ப்பது, ஒன்றும் செய்யாதவரைப் புதிதாக இறக்கிவிடுவதைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. முதல் ஆண்டில் இப்படிப்பட்டவர்களை மட்டும் எடுங்கள். ஐந்து பேர் போதும். ஐந்துக்கு மேல் எடுத்தால் உங்களால் தொடர்ந்து பார்க்க முடியாது.

ஒரே தெருவில் இருவருக்கு ஒரே தொழிலைக் கொடுக்காதீர்கள். தையல் கற்றுத் தருவது எளிது என்பதால் எல்லோருக்கும் மெஷின் கொடுத்த ஊர்களில், தைக்க ஐந்து பேரும் தைக்கக் கொடுக்க இரண்டு பேரும் இருப்பார்கள்.

எவ்வளவு: இதில்தான் காரியம் இருக்கிறது

ஆளுக்குக் கொஞ்சம் என்று எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது நீதி போலத் தெரியும். தொழில் விஷயத்தில் அது பணத்தைக் கரைப்பதுதான். இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் "கொடுத்தால் தன்னிறைவடையச் செய்யுங்கள்" என்று சொன்னதாக அறிவிக்கப்பட்டுள்ளது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி ஷாஃபிஈ அறிஞர்களின் கருத்தைத் தொகுக்கும்போது இதைத் தொழில்வாரியாகவே பிரித்துக் காட்டுகிறார். கைத்தொழில் தெரிந்தவருக்குக் கருவி வாங்கும் அளவு. வியாபாரம் தெரிந்தவருக்கு, அதன் லாபம் அவருடைய தேவைக்குப் போதுமாகும் அளவு முதல். கீரை விற்பவருக்கு 5 அல்லது 10 திர்ஹம் (அக்கால வெள்ளி நாணயம்) போதும். மணிக்கற்கள் விற்பவருக்கு, அதற்குக் குறைந்து முடியாது என்றால் 10,000 திர்ஹமும் தரலாம்.

ஒன்றுக்கும் மற்றதற்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். தகுதியில் இருவரும் ஒன்றே. வேறுபாடு சரக்கு சுழலும் வேகத்தில் இருக்கிறது. கீரைக்காரரின் முதல் மாலைக்குள் காசாகத் திரும்பி, மறுநாள் காலை மீண்டும் கீரையாகிவிடும். மணிக்கல் மாதக்கணக்கில் பெட்டியில் இருக்கும். எனவே எந்தத் தொழிலானாலும் முதல் கேள்வி: போட்ட பணம் எத்தனை நாளில் கைக்குத் திரும்பும்? ஒரு நாள் என்றால் இரண்டு நாள் சரக்குக்கான பணம் போதும். நாற்பது நாள் என்றால் நாற்பது நாள் சரக்கும், அந்த நாற்பது நாளுக்கு வீட்டுச் செலவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஹனஃபி மத்ஹபில் ஒருவருக்கு ஒரே தடவையில் நிஸாப் அளவு கொடுப்பது விரும்பத்தகாதது. கடன் உள்ளவருக்கும், பிரித்தால் ஆளுக்கு நிஸாப் வராத பெரிய குடும்பத்துக்கும் விலக்கு உண்டு. இந்த மத்ஹபைப் பின்பற்றும் குழு, கருவிக்கு ஒரு தவணை, அது வாங்கி முடிந்தபின் சரக்குக்கு ஒரு தவணை என்று பிரித்துக்கொள்ளலாம். நடைமுறைக்கும் அதுவே நல்லது.

இப்போது ஒரு கணக்கு. எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்த, ஒரு குடும்பத்தின் ஒரு நாள் வீட்டுச் செலவை 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் 30 பங்கு. தையல் தெரிந்த ஒரு பெண்மணி, பழைய துணி திருத்தித் தைக்கும் சிறு கடை வைக்கப் போகிறார்.

தையல் மெஷின் மோட்டாரோடு 25 பங்கு. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின், பழையது, 20. மேசை, இஸ்திரிப் பெட்டி, நல்ல கத்தரிக்கோல், விளக்கு சேர்த்து 10. நூல், ஜிப், பொத்தான், லைனிங் துணி 15. பழுதுக்கென்று ஒதுக்கி வைப்பது 10. வீட்டுச் செலவுக்கு முதல் மாதம் முழுவதும் 30, இரண்டாம் மாதம் 20, மூன்றாம் மாதம் 10, ஆக 60. மொத்தம் 140 பங்கு.

வழக்கமாக நாம் வாங்கிக் கொடுப்பது அந்த 25 பங்கு மெஷினை மட்டும். தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி 115 பங்கை அவர் எங்கே போய்ப் புரட்டுவார்? வட்டிக்காரரிடம்தான்.

அடுத்து, இந்தத் தொழில் வீட்டைத் தாங்குமா என்று பாருங்கள். ஒரு திருத்த வேலைக்குக் கூலி 0.1 பங்கு என்று வைப்போம். நூல், ஊசி, மின்சாரத்துக்கு நாளைக்கு 0.1, இடவாடகைக்கு 0.1. மாதம் வீட்டுக்கு 30, கடைக்கு 6, ஆக 36 பங்கு வேண்டும், அதாவது 360 வேலை. வாரம் ஒரு நாள் விடுமுறை போக 26 நாள் என்றால் நாளைக்கு 14 வேலை வரவேண்டும். ஒரு வேலைக்கு 20 நிமிடம் பிடித்தால் சுமார் நாலே முக்கால் மணி நேரம், கையால் முடியும். ஆனால் 14 துணி தினமும் வருமா? கடை போட நினைக்கும் இடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அக்கம்பக்கத்துத் துணிக்கடைகளில் "திருத்தம் வந்தால் எங்கே அனுப்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். 8தான் வரும் என்று தெரிந்தால், ஒன்று இடத்தை மாற்ற வேண்டும், அல்லது கூலி கூடிய வேலையை அவர் கற்க வேண்டும். அதுவரை மெஷினை வாங்காதீர்கள்.

வட்டிக்கடன் இருந்தால் வரிசை மாறும். கடன், பிறகு வயிறு, பிறகு கருவி, கடைசியில் சரக்கு. வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது கொடுத்த முதல் ஒரு வாரம் தாங்காது. கடனில் மூழ்கியவர் என்ற வகையிலேயே ஜகாத்திலிருந்து அந்தக் கடனை அடைக்க வழியிருக்கிறது.

இந்தோனேசியா 2011ல் கொண்டுவந்த ஜகாத் நிர்வாகச் சட்டம் ஜகாத்தைத் தொழில் முயற்சிகளுக்குப் பயன்படுத்த அனுமதித்தபோது, உரியவரின் அடிப்படைத் தேவைகள் நிறைவேறிய பிறகே என்று நிபந்தனை வைத்தது. பங்களாதேஷில் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு 2002ல் தொடங்கிய திட்டமும் இதே பாடத்தைச் சொல்கிறது. அது ஜகாத் திட்டம் அல்ல, ஆனால் ஜகாத் குழுக்கள் படிக்க வேண்டியது. மிக வறிய குடும்பத்துக்கு ஒரு வருமானச் சொத்து, சில மாதங்களுக்குச் செலவுத்தொகை, பயிற்சி, சேமிப்பு, தொடர்ந்து வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒருவர், எல்லாம் சேர்த்தே கொடுத்தார்கள். அதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வு 2015ல் வெளிவந்தது. உதவி நின்று ஓராண்டு கழித்தும் பலன் நீடித்திருந்தது. ஹோண்டுராஸில் மட்டும் சொத்து தங்கவில்லை. கொடுத்த கோழிகள் பல நோயில் செத்துப்போயின. உயிருள்ளதைச் சொத்தாகக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தடுப்பூசியும் மருத்துவரும் அந்தக் கணக்கிலேயே இருக்க வேண்டும்.

ஒப்படைப்பது

ஜகாத் நிறைவேற, பொருள் உரியவருக்கு முழுச் சொந்தமாக வேண்டும். இதைத் தம்லீக் என்பார்கள். 1986ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி, ஜகாத்தை வருமானம் தரும் திட்டங்களில் போடலாம் என்று சொன்னபோதும், அது உரியவர்களின் உடைமையாக முடிய வேண்டும், உடனடித் தேவைகள் முதலில் தீர வேண்டும், நஷ்டத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற வரம்புகளோடுதான் சொன்னது. ஆகவே "மெஷின் குழுவுடையது, நீங்கள் பயன்படுத்துங்கள்" என்பது ஜகாத்தில் சரிவராது.

"பணத்தைக் கொடுத்தால் வேறு செலவாகிவிடுமே" என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. பணத்தை அவர் கையில் கொடுத்து, அவரோடு கடைக்குப் போங்கள். அல்லது, "எனக்காக நீங்கள் வாங்கித் தாருங்கள்" என்று அவர் தன் வாயால் உங்களை வக்கீலாக்கட்டும் (தன் பிரதிநிதியாக நியமிக்கட்டும்). ரசீது அவர் பெயரில் இருக்க வேண்டும். எந்த மெஷின், எந்தக் கம்பெனி என்று தேர்ந்தெடுப்பதும் அவரே. தினமும் உட்காரப்போகிறவருக்குத் தெரியும், மிதி உயரம் ஒத்துவருமா, உதிரிப்பாகம் பக்கத்தில் கிடைக்குமா என்று. பழைய மெஷின் என்றால் வாங்கும் இடத்திலேயே கனமான துணியை நாலாக மடித்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் அறுந்தாலோ தையல் தவறினாலோ வேண்டாம்.

வீட்டுச் செலவுக்கான 60 பங்கை மொத்தமாகத் தராமல் வாரந்தோறும் கொடுங்கள். மொத்தமாக வந்தால் உறவுக்காரர் கேட்பார், மறுக்க முடியாது. இந்த ஏற்பாட்டை முதல் நாளே அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

படம் வேண்டாம். மேடை வேண்டாம். மெஷின் மேல் குழுவின் பெயர் எழுத வேண்டாம். சொல்லிக்காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று 2:264 வசனம் நேரடியாகவே தடுக்கிறது. தொழில் ரீதியாகவும் அது கேடு. "தர்மத்தில் வந்த கடை" என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டால் வருகிறவர்கள் கூலியைக் குறைக்கச் சொல்வார்கள், கடன் கேட்பார்கள்.

முதல் பன்னிரண்டு மாதம்

அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்று சொன்ன அறிஞர்களும் உண்டு, ஆனாலும் இந்த வேலையைப் பற்றிப் பேசும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது அது. உதவி கேட்டு வந்த, மதீனாவைச் சேர்ந்த அன்சாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒரு துணியும் ஒரு பாத்திரமும். அவற்றை இரண்டு திர்ஹத்துக்கு ஏலம்விட்டு, ஒன்றில் வீட்டுக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹத்தோடு வந்தார். முதலில் உணவு, பிறகு கருவி. கருவி பயன்படுத்தும் நிலையில். திரும்பிப் பார்க்க ஒரு நாள் குறித்து.

அந்தக் கடைசிப் பகுதியைத்தான் குழுக்கள் விட்டுவிடுகின்றன. முதல் மாதம் வாரம் ஒரு முறை, ஆறாம் மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதன்பின் மாதம் ஒரு முறை ஒருவர் போக வேண்டும். ஒரே ஆள் போகட்டும். அதிகாரி போலப் போகாமல், வியாபாரம் தெரிந்த ஒரு அண்ணனோ அக்காவோ எட்டிப் பார்ப்பது போலப் போகட்டும்.

அவரிடம் ஒரு நோட்டு, நாலு கட்டம்: வந்தது, சரக்குக்குப் போனது, வீட்டுக்கு எடுத்தது, கடன் சொன்னவர். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளை இரவில் எழுதட்டும். கூடவே இரண்டு டப்பா, ஒன்று கடைக்காசு, ஒன்று வீட்டுக்காசு. கடை மூடும்போது வீட்டுக்குரியதை எண்ணி மாற்றிவிட்டு, மற்றதைத் தொடக்கூடாது. சிறுதொழில் படுப்பதற்குப் பெருங்காரணம் விற்பனைக் குறைவு என்று நினைப்போம். பல கடைகளில் விற்பனை இருக்கும், காசு வீட்டுக்குள் போய் நாளைய சரக்கு இருக்காது.

அடுத்த கேடு கடன் வியாபாரம். "கடன் சொன்னவர்" கட்டத்தில் ஒரு வாரச் சரக்கின் மதிப்பைத் தாண்டிவிட்டால் அன்றே நிறுத்த வேண்டும். தெரிந்தவர்களிடம் முடியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும். "குழுவில் கணக்குக் கேட்கிறார்கள்" என்று உங்கள் மேல் பழிபோடச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாவது, நோயும் சாவும். வீட்டில் ஒரு அறுவைச் சிகிச்சை வந்தால் மெஷின் விற்கப்படும். அந்த நேரத்தில் ஸதக்கா கணக்கிலிருந்து மருத்துவச் செலவைத் தாங்குவது, அடுத்த ஆண்டு இன்னொரு மெஷின் வாங்குவதைவிடச் செலவு குறைவு.

தொழில் படுத்துவிட்டால்? கொடுத்தது அவருடையது, திரும்பக் கேட்க உரிமையில்லை. நோட்டை எடுத்து வைத்து எந்த மாதத்தில் சரிந்தது என்று பாருங்கள். இரண்டாம் முறை உதவுவதில் தவறில்லை, ஆனால் சரிந்த காரணம் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

கர்ழ் ஹஸன்: இரண்டாவது படி

கீழே விழுந்தவருக்குக் கடன் கொடுப்பது இன்னொரு சுமை. ஏற்கெனவே தொழில் ஓடி, இன்னும் கொஞ்சம் சரக்கு இருந்தால் மேலே வருவார் என்ற நிலையில் இருப்பவருக்குக் கடன்தான் சரி. முதல் ஆண்டில் ஜகாத்தில் தொடங்கி, இரண்டாம் ஆண்டில் கடனால் வளர்வது இயல்பான பாதை. பாகிஸ்தானில் லாகூரை மையமாகக் கொண்டு 2001ல் தொடங்கிய அகுவத் அமைப்பு வட்டியில்லாச் சிறுகடனைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் வைத்தே கடன் வழங்கினார்கள். தனி அலுவலகச் செலவு குறையும், ஊர் பார்க்க வாங்கியதால் திருப்பும் பொறுப்பும் கூடும்.

எழுதுங்கள். 2:282 வசனம் கடனை எழுதவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. தொகை, தவணை, தேதி, இரண்டு சாட்சிகள், ஒரு பிணையாளர். நிர்வாகச் செலவு வாங்கினால் உண்மையான செலவு மட்டும், எல்லாக் கடனுக்கும் ஒரே தொகை. கடன் கூடக்கூட விழுக்காடாகக் கூடினால் அது வட்டியின் வாசல். தாமதத்துக்கு அபராதம் வாங்கி நிதியில் சேர்ப்பதும் அப்படியே. உண்மையில் முடியாதவருக்கு அவகாசம் கொடுங்கள் என்பது 2:280.

தவணை, நோட்டில் தெரியும் மாத மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முதல் தவணை, வாங்கிய சரக்கு ஒரு சுற்று விற்ற பிறகு.

நிதியின் கணக்கு எளிது. இருபது பேருக்கு ஒரே அளவு கடன், பத்து மாதத் தவணை என்றால் மாதந்தோறும் இரண்டு புதிய கடனுக்கான பணம் திரும்பி வரும். முதல் ஆண்டிலேயே மேலும் 24 பேருக்காவது போய்ச் சேரும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு வராமல் போனால், ஏழாவது சுற்று முடியும்போது நிதியில் பாதிகூட மிஞ்சாது. அந்த ஓட்டையை அடைக்க, கட்ட முடியாதவருக்கு ஜகாத்திலிருந்து கொடுத்து உடனே திரும்ப வாங்கிக்கொள்ளும் யோசனை எல்லாக் குழுவிலும் வரும். திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுப்பது ஜகாத்தாகாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வராக்கடனுக்கென்று ஸதக்காவில் தனி ஒதுக்கீடு வையுங்கள்.

நிதி பெரிதானபின் வக்ஃபை (நிரந்தர அறக்கொடை) யோசிக்கலாம். உமர் (ரலி) கைபரில் பெற்ற நிலத்தை, மூலத்தை நிறுத்தி விளைச்சலைத் தர்மமாக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். பணத்தையே வக்ஃபாக்குவது உஸ்மானியர் (ஒட்டோமான்) ஆட்சியில் 16ஆம் நூற்றாண்டில் பரவலாகி, அதைப் பற்றி அறிஞர்களிடையே கடும் விவாதமும் நடந்தது. ஒரு சிறு கடையறையை வக்ஃபாக்கி, தொழில் தொடங்குபவருக்கு முதல் ஆண்டு குறைந்த வாடகைக்கு விடுவது எளிய தொடக்கம். நாட்டுக்கு நாடு வக்ஃபுச் சட்டம் வேறு, பதிவு செய்யும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அவருடைய ஜகாத் கணக்கு

ஓராண்டு தாண்டி ஓடும் கடைக்குப் போகும்போது, கடைசியாக ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். மெஷின், மேசை, இஸ்திரிப் பெட்டி கணக்கில் வராது. விற்பதற்காக வைத்திருக்கும் சரக்கை அன்றைய விற்பனை விலைக்கு மதிப்பிட வேண்டும். கையிருப்புக் காசும், வரும் என்று நம்பிக்கையுள்ள கடனும் சேர்க்க வேண்டும். உடனே கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது நிஸாபைத் தொட்ட நாளின் சந்திரத் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே தேதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவரோடு உட்கார்ந்து 2.5 விழுக்காடு போடுங்கள்.